தொப்பியில்லாத விருந்தாளிகள்

எங்கள் காரில் எல்லாம் இருந்தது. றிவேர்ஸ் கியர் மட்டும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என் மனைவி நாகேஸ்வரிக்கு நான் இதை இரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டது கடைசியில் அவளுடைய உயிருக்கே விலை பேசியது.

வாங்கும்போது கியர் இருந்தது. ஆறாம் மாதம் ஒருநாள் கியர்ப்பெட்டிக்குள் கறட் என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றோடு கார் பின்னுக்குப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டது. பென்டில் ஹில் மெக்கானிக் குனிந்து பார்த்து, பெட்டியைத் திறக்கவேண்டும் என்றான். நான் இலங்கை றெயில்வேயில் முப்பத்துநாலு வருஷம் எஞ்சின் ஓட்டியவன். ஒழுங்காக முன்னுக்குப் போகிற யந்திரத்தைத் திறந்து பார்ப்பது அதை அவமதிப்பது என்பது என் கொள்கை. தவிர, இதைப்போல ஒரு கார் சிட்னியிலேயே இல்லை என்று நாகேஸ்வரியிடம் முதல்நாளே சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான்.

எங்கள் டூங்கபி வளவு பெரியது. வீட்டைச் சுற்றி ஒரு கிரவல் பாதை போட்டேன். இடப்பக்கத்தால் உள்ளே போய், பின்வளவில் நிற்கிற எலுமிச்சை மரத்தைச் சுற்றி, வலப்பக்கத்தால் வெளியே வரலாம். பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். போகாத ஊருக்கு ஏன் கண்ணாடி?

சிக்கல் எலுமிச்சம்பழத்தால் வந்தது. தூரப் பயணம் என்றால் நாலு சில்லுக்கும் நாலு பழம் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவது எங்கள் வழக்கம். ஒருநாள் ஒரு பழம் பாதிதான் நசிந்திருந்தது.

"கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வடிவா நசியுங்கோவன்," என்றாள்.

"பின்னுக்கோ? பழம் நசிச்ச வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் கழிஞ்ச கண்ணூறு எல்லாம் திரும்பி ஏறிடும். போயிட்டு வீட்டை வருமட்டும் பின்னுக்கு எடுக்கக் கூடாது. றெயில்வேயில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"றெயில்வேயில எஞ்சினுக்கும் பழம் வைக்கிறவையோ?"

"தண்டவாளத்தில வைக்கிறது."

அவள் நம்பினாள். சிரிக்காத முகத்திலிருந்து பொய் வராது என்று அவளுக்கு ஓர் எண்ணம். நம்பியதோடு நிற்காமல் ஊர் முழுக்கவும் சொன்னாள். அடுத்த தைப்பொங்கலுக்கு ஹோம்புஷ்ஷில் வாடகை மண்டபம் ஒன்றில் எல்லாரும் கூடினோம். பொங்கல் முடிந்து புறப்படும்போது ஒருவரும் காரைப் பின்னுக்கு எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். டாக்டர் வரதராஜா தன் காரை மண்டபத்தின் முன்கதவால் விட்டு பின்கதவால் எடுத்தார். நான் அவருக்குக் கதவைத் திறந்து பிடித்தேன். உண்மையைச் சொல்லுகிற நேரம் கடந்துவிட்டது.

அந்தக் காலத்தில் சிட்னியில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றலாம். அந்த பஸ் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. வருகிறவர்கள் வடை சாப்பிடுவார்கள். பிறகு மெல்பேணில் இருக்கிற எங்கள் மகன் சச்சிதானந்தனுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள். பிறகு தேத்தண்ணி குடிப்பார்கள். எழுபத்தேழாம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, கடைசி ஆளும் போனபிறகு நாகேஸ்வரி குசினிக் கதிரையில் இருந்து, "எனக்கு ஒருநாளைக்காவது ஆக்கள் வராத ஒரு இடத்தில இருக்கவேணும்," என்றாள்.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது பொருள் அது. முதலாவது, தேங்காய் துருவுகிற பல் வைத்த பலகை, ஒரு துருவலை. அதை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வரைபடத்தை விரித்தேன். புரோக்கன் ஹில்லுக்கு அப்பால், தென் அவுஸ்திரேலியா எல்லையைத் தாண்டி வடக்கே, ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லாத இடத்தில் பெரிய நீலமாக ஒரு குளம் இருந்தது. நீலத்தைப் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தார்கள். அச்சுக்காரன் மையை மிச்சம் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் கிளிநொச்சிப் பக்கம் எஞ்சின் ஓட்டியவன். நீலம் என்றால் குளம், குளமென்றால் கரையில் மருதமரம், இறங்கிக் குளிக்கத் தண்ணீர். வெறுங்குளத்துக்கு யாராவது நீலம் பூசுவார்களா? நாகேஸ்வரி குளிக்கிறதுக்கு மாற்றுச் சேலையும், சமைக்கிறதுக்கு அரிசியும், இரண்டு தேங்காயும், துருவலையும் எடுத்துவைத்தாள். தண்ணீர் இரண்டு போத்தல். குளத்துக்குப் போகிறவன் தண்ணீர் கட்டிக்கொண்டு போவானோ?

மூன்றாம் நாள் எல்லைக்குப் பக்கத்தில் பழச் சோதனைக்காரன் மறித்தான். பழ ஈ பரவுமாம். ஒரு பழமும் கொண்டுபோகக் கூடாதாம். ஒவ்வொரு காலையும் நசிப்பதற்கென்று நாகேஸ்வரி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். இவ்வளவு எலுமிச்சம்பழம் எதற்கு என்று அவன் கேட்டான். சில்லுக்கு என்றேன். அவன் ரயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு புத்தகத்தில் எதையோ எழுதினான். பை தொட்டிக்குள் போனது.

இருபது மைல் போனபிறகு நாகேஸ்வரி கொண்டைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்தாள்.

"இது கடைசி. திரும்பி வரேக்க முன்சில்லுக்கு வைப்பம்."

"இது கள்ளக் கடத்தல்," என்றேன்.

"பழத்தில ஈ இல்லை. இருந்தால் என்ர தலையில ஊர்ந்திருக்கும்."

நாலாம் நாள் விடியற்காலை, தார் றோட்டு முடிகிற இடத்தில் ஒரு பெற்றோல் ஷெட். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஷெட்டை நடத்துகிற மனுசிக்கு என் வயதிருக்கும். முகம் பழைய சப்பாத்து மாதிரி வெடித்துப்போயிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை. வடக்கே போகிற ஒவ்வொருவரும் பெயர், போகிற இடம், திரும்புகிற நாள் மூன்றையும் சோக்கால் எழுதவேண்டுமாம். திரும்பி வந்து தாங்களே அழிக்கவேண்டுமாம். சொன்ன நாளில் அழிக்க வராவிட்டால் அவள் பொலிசுக்குச் சொல்லுவாள்.

"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நாகேஸ்வரி என் சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தாள். புறப்படுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. எங்களுக்கு அது குறுக்கே பூனை போவதைவிட மோசம். கேட்டால் பதில் சொல்லாமல் கொஞ்சநேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். இருந்தோம். குடித்தோம்.

"சும்மா, இங்க பக்கத்தில," என்றேன் ஷெட்டுக்காரிக்கு.

"பக்கத்தில் ஒன்றும் இல்லையே," என்றாள் அவள்.

"அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான்."

அவள் சோக்கைத் திருப்பி வைத்தாள். எங்கள் பெயர் எழுதப்படவில்லை. பலகையின் உச்சியில் மட்டும் ஒரு வரி மங்கிப்போய் இருந்தது: வோல்டர், மேவிஸ். திரும்புகிற நாள் என்று முந்தின வருஷத்து நவம்பர் மாதத் திகதி ஒன்று.

"இதை ஏன் அழிக்கேல்லை எண்டு கேளுங்கோ," என்றாள் நாகேஸ்வரி. கேட்டேன்.

"அழிக்க அவர்கள் இன்னும் வரவில்லை," என்றாள் மனுசி.

அங்கிருந்து வடக்கே செம்மண் பாதை. வழியில் வேலிக் கம்பியில் காட்டு நாய்களைப் பின்னங்காலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றிரண்டல்ல, அரை மைல் நீளத்துக்கு. காற்று இல்லை, ஆனாலும் கடைசி நாய் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் நாயளைத் தொங்கவிட்டிருக்கினம்?"

"காயப் போட்டிருக்கினம்."

வேலி முடிந்தது. மரம் முடிந்தது. காகமும் முடிந்தது. காகம் இல்லாத இடத்தை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். செத்தவனுக்குச் சோறு வைத்தாலும் எடுக்க ஆளில்லாத ஊர்.

காலை ஒன்பது மணிக்குக் குளம் வந்தது. பால் காய்ச்சி ஊற்றி ஆறவிட்டது மாதிரி வெள்ளையாக, கரை தெரியாமல் கிடந்தது. முழுக்க உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"குளிக்கலாம் எண்டனீங்கள்," என்றாள் நாகேஸ்வரி.

"தண்ணி உள்ளுக்கு நிக்கும். பாரும், அங்க ஆக்கள் வந்திருக்கினம்."

உண்மையாகவே உள்ளே முந்நூறு யார் தூரத்தில் ஒரு பச்சை நிறக் கார் நின்றது. ஆட்கள் வராத இடம் கேட்டவளுக்கு முகம் சுருங்கியது. எனக்கோ மனம் குளிர்ந்தது. அவர்கள் போன சில்லுத்தடம் உப்பில் தெளிவாகக் கிடந்தது. அதன்மேல் விட்டேன். உப்பு அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டது. பச்சைக் காருக்குப் பின்னால் ஒரு முப்பது யாரில் எங்கள் கார் தலையைக் குனிந்தது. முன்சில்லு இரண்டும் உப்பை உடைத்துக்கொண்டு கறுப்புச் சேற்றுக்குள் இறங்கின. பின்சில்லு இரண்டும் கெட்டி நிலத்தில்தான் நின்றன.

றிவேர்ஸ் இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை.

நாகேஸ்வரி பதறவில்லை. "பின்னுக்கு எடுக்க ஏலாதுதானே, இனி என்ன செய்வம்?" என்று கேட்டாள். குரலில் ஒரு பெருமைகூட இருந்தது, சோதனை வந்தாலும் நேர்த்திக்கடனை முறிக்காத ஆட்கள் நாங்கள் என்பது மாதிரி. அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். நான் "ஓம்" என்றேன்.

உதவி கேட்கலாம் என்று பச்சைக் காருக்கு நடந்தேன். அதற்கும் முன்சில்லு மட்டும்தான் தாழ்ந்திருந்தது. கண்ணாடிகள் ஏற்றி, கதவுகள் பூட்டப்படாமல் ஒழுங்காகச் சாத்தியிருந்தன. உள்ளே தூசி ஒரு விரற்கடை. முன்சீற்றில் ஒரு வெறும் பிளாஸ்க். பின்சீற்றில் இரண்டு தொப்பிகள், ஒன்று ஆணுடையது, மற்றது ரிப்பன் வைத்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. காரின் மூக்குக்கு முன்னாலிருந்து இரண்டு சோடிக் காலடிகள் உப்பில் பதிந்து உள்ளே போயின. திரும்பி வந்த அடி இல்லை.

அந்த வெயிலில் கோழிகூடத் தொப்பியில்லாமல் நடக்காது.

"ஆக்கள் எங்க?" என்று கேட்டாள் நாகேஸ்வரி.

"நடந்து போயிருக்கினம்."

"எங்க?"

"முன்னுக்கு."

தொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டவற்றின் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

ஒரு வழிதான் இருந்தது. எஞ்சின் கொட்டகையில் டேர்ன்ரேபிள் என்று ஒன்று உண்டு. பெரிய இரும்புத் தட்டு. அதில் எஞ்சினை ஏற்றி இரண்டு பேர் தள்ளினால் நூறு தொன் எஞ்சினும் நின்ற இடத்திலேயே மறுபக்கம் திரும்பும். பின்னுக்குப் போக முடியாத காரையும் அப்படித் திருப்பலாம். கார் தூக்குகிற ஜக்கை முன்னுக்கு வைத்து மூக்கை உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளி விழுத்தினால் ஓர் அடி திரும்பும். மறுபடி உயர்த்தி, மறுபடி விழுத்த வேண்டும். ஜக் சேற்றில் தாழாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும். நாகேஸ்வரியின் துருவலை அதற்கென்றே செய்தது போல இருந்தது. பல்லைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் எடுத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை.

முதல் பத்துத் தரம் சுகமாகப் போனது. பதினைந்தாம் தரம் முதலாவது போத்தல் முடிந்தது. பத்தொன்பதாம் தரம் இரண்டாவதும் முடிந்தது. அப்போது மணி பதினொன்று. கார் கால்வட்டத்துக்குக் கொஞ்சம் குறையத் திரும்பியிருந்தது. மூக்கு இன்னும் குளத்தைத்தான் பார்த்தது.

"இஞ்சாரும், அந்தப் பழத்தை வெட்டும். ஆளுக்குப் பாதி உறிஞ்சுவம்," என்றேன்.

"பைத்தியமோ உங்களுக்கு? அது சில்லுக்கு. கார் திரும்பினாப் பிறகு வைச்சு நசிச்சுக்கொண்டுதான் வெளிக்கிடவேணும். இல்லாட்டில் வீடு போய்ச் சேருவமோ?" என்றாள். உதடு வெடித்து இரத்தம் ஒரு புள்ளி நின்றது. பழத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

நான் கட்டிய கதைக்காக அவள் தாகத்தோடு இருந்தாள். எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. வாய் காய்ந்திருந்தபடியால் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மதியம் ஆனது. நிழல் என்பது காருக்கு அடியில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவளைப் பின்சில்லுப் பக்கம் கிடத்திவிட்டு நான் ஜக்கைச் சுற்றினேன்; தனியாளாகத் தள்ள கார் அசையவில்லை. நிமிர்ந்தபோது அவள் எழுந்து நின்று கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சேலையை உதறிக் கொய்யக மடிப்பை ஒழுங்காக்கினாள்.

"என்ன செய்யிறீர்?"

"ஆக்கள் வந்திட்டினம்."

அவள் பார்த்த பக்கம் பார்த்தேன். உப்பு முடிகிற இடத்தில் நல்ல நீலமாகத் தண்ணீர் நின்றது. வரைபடத்து நீலமேதான். அதன் கரையில் இரண்டு பேர். ஒருவர் உயரம், மற்றவர் கட்டை. உயரமானவர் கையை உயர்த்தி வைத்திருந்தார், கூப்பிடுகிற மாதிரி. எனக்குக் கண் நல்ல கண். சிக்னல் விளக்கை ஒரு மைலில் பிடித்தவன். இரண்டு பேர் தலையிலும் தொப்பி இல்லை.

"நாகேஸ், அது கானல். இரும்."

"கானலுக்குக் கை இருக்குமோ? எவ்வளவு நேரமா நிக்கினமோ தெரியேல்லை. வந்த ஆக்களை வாங்கோ எண்டு சொல்லாமல் நிக்கவைக்கிறது என்ன பழக்கம்?"

வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறக்கும்போது போடுகிற அதே புன்சிரிப்பைப் போட்டுக்கொண்டாள். "வாங்கோ, வாங்கோ," என்று குளத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பிறகு அவர்களை எதிர்கொள்ள நடக்கத் தொடங்கினாள். பச்சைக் காரைக் கடந்தாள். அந்தப் பழைய காலடிகளின் மேலேயே அவளுடைய காலும் பதிந்துகொண்டு போனது. மூன்று சோடி அடிகள். எல்லாம் முன்னுக்கு.

ஓடிப் பார்த்தேன். என் முழங்கால் இரண்டும் றெயில்வேயோடு ஓய்வு பெற்றவை. பத்தடியில் விழுந்தேன். கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. தண்ணி இஞ்ச இருக்கு என்றேன், திரும்பவில்லை. மகன் வந்திருக்கிறான் என்றேன், திரும்பவில்லை. அவனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது என்றுகூடச் சொன்னேன். நடை கொஞ்சம் தாமதித்தது, அவ்வளவுதான். கரையில் நின்ற மற்றவளும் இப்போது கையை உயர்த்தினாள்.

இனி என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"நாகேஸ், காருக்கு றிவேர்ஸ் கியர் இல்லை," என்று கத்தினேன். "இரண்டு வருஷமா இல்லை. பழம் நசிச்சால் பின்னுக்கு எடுக்கக் கூடாது எண்டது நான் கட்டின பொய்."

நின்றாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு மெல்லத் திரும்பினாள். வந்த வழியே வந்தாள். வருகிற வேகத்தைப் பார்த்து, கானலோடேயே விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"இரண்டு வருஷமா?"

"ஓம்."

"ஹோம்புஷ் பொங்கலுக்கும்?"

"ஓம்."

"பாவம் அந்த மனுசன், டாக்குத்தர், காரை மண்டபத்துக்குள்ளால விட்டவர். நான் பக்கத்தில நிண்டு கோலத்தில ஏத்தவேண்டாம் எண்டு கை காட்டினனான்."

"ஓம்."

"பெட்டியைத் திறந்து திருத்த எவ்வளவு நேரம்?"

"ஒரு பின்னேரம்."

அவள் அதற்குப் பிறகு சொன்னவற்றை இங்கே எழுத இடமில்லை. ஆனால் ஏசி முடிந்தபோது அவள் கண் தெளிந்திருந்தது. சேலைத் தலைப்பை அவிழ்த்து, பழத்தை எடுத்து, கழற்றி வைத்த துருவலைப் பல்லிலேயே வெட்டினாள். பாதியைத் தான் உறிஞ்சினாள். மற்றப் பாதியை என் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள். அந்தப் புளிப்பு இன்னும் என் பல்லில் நிற்கிறது.

அப்போதுதான் அவளுடைய தோளுக்கு மேலால் மறுபடி பார்த்தேன். தண்ணீர் அதே இடத்தில் நின்றது. அவர்கள் அதே இடத்தில் இல்லை. கரையைவிட்டு இறங்கி, ஆறுதலாக, அவசரம் இல்லாத ஆட்கள் மாதிரி, எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"தள்ளும்," என்றேன்.

"அவையைப் பாக்காதேங்கோ. தள்ளுங்கோ," என்றாள் அவள்.

கோபத்தில் இருக்கிற மனுசி இரண்டு ஆம்பிளைக்குச் சமம். முதல் பத்தொன்பது தரத்துக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மிச்ச இருபத்திரண்டு தரத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது. நாற்பத்தோராவது தரம் விழுந்தபோது கார் கரையைப் பார்த்து நின்றது. தரைவிரிப்புகளையும் அவளுடைய குளிக்கிற சேலையையும் சில்லுக்கு அடியில் கொடுத்து எடுத்தேன். நசிக்கப் பழம் இல்லை, தோல்தான் இருந்தது. அதை அவள் முன்சில்லுக்குக் கீழே வைத்தாள், எதற்கும் வைத்துவிடுவோம் என்று.

கார் முன்னுக்குப் போனது. அதற்கு அது ஒன்றுதானே தெரியும்.

எனக்குக் கண்ணாடி இல்லை. அவள் சீற்றில் முழங்காலூன்றித் திரும்பி இருந்து, கெட்டி நிலம் வரும்வரைக்கும் பின்னுக்கே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தெரியுது?"

"றோட்டைப் பாருங்கோ."

பின்னேரம் நாலு மணிக்குப் பெற்றோல் ஷெட் வந்தது. தண்ணீர் குடித்தோம். நான் குடித்த அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஷெட்டுக்காரி வாளியை மாற்றி வைத்தாள். பச்சைக் காரைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியும். வோல்டரும் மேவிஸும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று முதற்பயணம் வந்தவர்களாம். பொலிஸ் தேடிப் போய்க் காரைக் கண்டது, ஆட்களைக் காணவில்லை. காரை அவர்களுடைய பிள்ளைகள் வந்து எடுக்கட்டும் என்று விட்டார்களாம். பிள்ளைகள் அந்த இடத்துக்கு வர விரும்பவில்லை.

"காரில் ஒரு பழுதும் இல்லை," என்றாள் அவள். "பொலிஸ்காரன் திறப்பைத் திருப்பினான், ஸ்ரார்ட் ஆனது. றிவேர்ஸ் போட்டுப் பார்த்தான், பின்னுக்கு அசைந்தது, அதோடு நிறுத்திவிட்டான். அவர்களும் அப்படி எடுத்திருக்கலாம். ஏன் இறங்கி நடந்தார்கள் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை."

நாகேஸ்வரிக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவள் சோக்கை எடுத்து என்னிடம் தந்து, எங்கள் பெயரை எழுதச் சொன்னாள். கதிர்காமநாதன், நாகேஸ்வரி என்று எழுதினேன். திரும்புகிற நாள், இன்று. தன்னுடைய சேலைத் தலைப்பால் அவளே அதை அழித்தாள், சோக்கின் சுவடு தெரியாமல். மேலே இருந்த வரியைத் தொடவில்லை.

டூங்கபிக்கு வந்த கிழமையே கியர்ப்பெட்டி திறக்கப்பட்டது. கண்ணாடியும் அதன் இடத்தில் ஏறியது. நாகேஸ்வரி கார் ஓட்டப் பழகினாள். இப்போது அவள்தான் ஓட்டுகிறாள், எனக்குத் திறப்பு கிடையாது. வீட்டைச் சுற்றிப் போட்ட பாதையில் கத்தரி நட்டுவிட்டாள். வாசலிலிருந்து ஒவ்வொரு தரமும் பின்னுக்குத்தான் எடுக்கிறாள்.

எடுக்கும்போது பாதியில் பிறேக்கை மிதிப்பாள். கண்ணாடியில் பார்த்தபடி, "பொறுங்கோ, அவை போகட்டும்," என்பாள். நான் திரும்பிப் பார்ப்பேன். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆறுதலாக நடக்கிற இரண்டு பேர் கடந்து போகிற அளவுக்கு நேரம் பொறுத்துவிட்டு எடுப்பாள். நானும் பொறுத்துக்கொண்டு இருப்பேன். வாங்கோ என்று கூப்பிட்டது நாங்கள்தானே.

மதியத்தில் அவள் இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய் வாசற்படியில் வைக்கிறாள். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் விடமுடியாது என்கிறாள். பின்னேரம் பார்த்தால் இரண்டும் வெறுமையாக இருக்கும். வெயிலுக்கு வற்றியிருக்கும் என்று மகன் மெல்பேணிலிருந்து போனில் சொன்னான். படித்தவன், சரியாகத்தான் இருக்கும்.

போன கிழமை நாலு நாள் விடாமல் மழை. நாலு நாளும் வற்றியது.